நாற்பத்தேழாம் பந்தி

வில்லியம் வீதியில் ட்ராமை விட்டிறங்கும்போதும்
கையில் காளான் மணம் போகவில்லை.
இரவு வேலை முடித்து
டண்டினோங் ஸ்டேஷன் கழிப்பறையில் சேர்ட் மாற்றினேன்.
டை, அறையில் கூட இருக்கும் குலவீரன்
முன்கூட்டியே கட்டித் தந்தது.
தலைவழியே போட்டு இழுத்தால் போதும்.

வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி
நீதிக்குள் நுழைந்தேன்.

ஆறாம் மாடி. மொழிபெயர்க்க வந்தவ
கோயம்புத்தூர் பக்கம்.
நான் பந்தி என்பதை அவ பத்தி என்றா.
நான் கதிரை என்றதும் ஒரு கணம் தயங்கினா.
மற்றபடி நல்ல மனுஷி,
தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தா.

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னார்:
நீங்கள் சொன்னது மெய்யா பொய்யா என்று
பார்க்க நான் இங்கே இல்லை.
பார்த்தவர்கள் சரியாகப் பார்த்தார்களா என்றுதான்
பார்க்க இருக்கிறேன்.

ஆறு வருஷம்
மெய்யைத்தான் சுமந்து திரிந்தேன்.
அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கூலி வாங்காத என் வழக்கறிஞர் பியோனா
எழுந்து ஒரே ஒரு பந்தியை வாசித்தா.
தீர்ப்பாயம் என்னை நிராகரித்த கடிதத்தில் நாற்பத்தேழாவது:
'விண்ணப்பதாரரின் இடது காலில்
இரண்டு விரல்கள் இல்லை.
வலை இழுக்கையில் போனதென்று முதலில் சொன்னார்,
முகாமில் போனதென்று பிறகு சொன்னார்.
ஆகவே அவரை நம்புவதற்கில்லை.'

நான் சைக்கிள் கடைக்காரன்.
கடலில் கால் வைத்தது ஒரே தடவை,
அதுவும் இங்கே வர.
சப்பாத்துக்குள் பத்தையும் மடக்கிப் பார்த்தேன்.
பத்தும் இருந்தன.

அரசாங்கத்தின் வக்கீல் சளைக்கவில்லை.
கணினியில் நேர்ந்த கைத்தவறு,
அதை எடுத்துவிட்டாலும்
மிச்சத் தீர்ப்பு தன் காலில் நிற்கும் என்றார்.
தன் காலில், என்று தமிழில் சொல்லும்போது
அவவுக்கே சிரிப்பு முட்டியிருக்க வேணும்.
குனிந்து போத்தலை மூடினா.

பதினொரு கிழமை கழித்து, காளான் தட்டுகளுக்கு நடுவில்
போன் அடித்தது.
தீர்ப்பை ரத்துச் செய்தாயிற்று.
திரும்பவும் தீர்ப்பாயத்துக்கு, திரும்பவும் முதலிலிருந்து,
கடைக்கு வந்த அந்த இருவரிலிருந்து,
பம்பு கேட்ட குரலிலிருந்து,
தம்பியின் சைக்கிள் மட்டும் வீடு வந்த பின்னேரத்திலிருந்து.

வென்றுவிட்டோம் என்றா பியோனா.
ஓம் என்றேன்.
என் கதையை நம்பி அல்ல,
இன்னொருத்தன் கதையை
என் பந்தியில் இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள் என்று.

அவன் யார்?
அவனுடைய கடிதத்தில் அவன் கால் இருந்ததா,
அல்லது அங்கே என் சைக்கிள் கடை இருந்து
மீனவனுக்கு எதுக்கடா பம்பு என்று கேட்டார்களா?
அவனுக்கு ஒரு பியோனா வாய்த்தாளா?
முப்பத்தைந்து நாளுக்குள்
மனுப் போடவேண்டும் என்று
யாராவது அவனுக்கு அவன் மொழியில் சொன்னார்களா?

பியோனாவிடம் கேட்டேன்.
பெயர்கள் மறைத்திருக்கும், எழுத்தும் எண்ணும்தான்,
தேடமுடியாது என்றா.

வெள்ளிக்கிழமைகளில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறேன்.
சாமி கும்பிடத்தான்.
ஆனால் செருப்புக் கழற்றும் இடத்தில்
கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.
எல்லாருடைய இடது காலையும் பார்க்கிறேன்.
பித்தன் என்று நினைத்திருப்பார்கள்.

போன கிழமை அன்னதானத்தில்
என் பக்கத்தில் வந்திருந்தவன்
சொக்ஸ் கழற்றவில்லை.
குளிர்தான், ஜூலை மாதம்,
வேறு பேரும் கழற்றவில்லை.

அவன் கை இலைக்கு மேலால் நீண்டு
ரசவாளியை என் பக்கம் தள்ளியது.
விரல்களில் பழைய கயிற்றுத் தழும்பு.

எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதே கேள்வியை எத்தனை மேசைகளில்
அவனிடம் கேட்டிருப்பார்கள்.

ரசம் விடுங்கோ அண்ணை, என்றேன்.